பழைய பக்மில்லில் பீங்கான் மண்: கறுப்புப் புள்ளி, வெள்ளைப் பரு, ஏறாத முள்

2024 மே 11 – கேள்வி

பழைய வேக்குவம் பக்மில் ஒன்று, அதாவது மண்ணைப் பிசைந்து காற்றை உறிஞ்சித் தள்ளும் இயந்திரம், வாங்கினேன். பேரலும் மண்ணைத் தள்ளும் திருகும் அலுமினிய வார்ப்பு, தண்டு மட்டும் ஸ்டீல். முன்பு வைத்திருந்தவர் ஸ்டோன்வேர் மண் ஓட்டினாராம். பிரித்துக் கழுவிவிட்டுத்தான் பீங்கான் மண்ணைப் போட்டேன். இப்போது மூன்று தொல்லை. சுட்ட பிறகு வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள். சக்கரத்தில் வனையும்போது விரலில் தட்டுப்படும் சின்னச் சின்ன வெள்ளைப் பருக்கள். வேக்குவம் முள் (பாதரச அங்குலக் கணக்கில்) 22-க்கு மேல் ஏறுவதே இல்லை, பம்புக்குப் புது ஆயில் ஊற்றியும் அதே கதை. இதை விற்றுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இயந்திரம் வாங்கினால்தான் பீங்கான் செய்யமுடியும் என்கிறார்கள். உண்மையா அக்கா?

மே 11, இரவு

இப்போதைக்கு விற்காதீர்கள் தம்பி. மூன்று தொல்லைக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதுவும் பிடிபடாது.

பீங்கானைப் பொறுத்தவரை இயந்திரமும் மண்ணில் சேரும் ஒரு சரக்குதான். சைனா கிளே, குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் எல்லாவற்றையும் நாம் எடைபோட்டுச் சேர்க்கிறோம். இயந்திரம் தன் பங்கை எடைபோடாமல் சேர்த்துவிடுகிறது. ஸ்டோன்வேர் மண்ணில் ஏற்கெனவே இரும்பு இருப்பதால் அது தெரியாது. வெள்ளை மண்ணை 1280, 1300 டிகிரி வரை கொண்டுபோனால் அத்தனையும் வெளியே வந்துவிடும். பக்மில் பராமரிப்பு என்று நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றைப் பற்றித்தான்: என் மண்ணுக்குள் இயந்திரம் எதைப் போடுகிறது? மோட்டார் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது அதற்கு அடுத்த கவலை.

முதலில் புள்ளிகள். கழற்றுவதற்கு முன்னால் நான்கு சின்ன ஓடு செய்யுங்கள். ஒன்று, இயந்திரத்தைத் தொடாமல் வாளியில் ஊறவைத்துக் கையால் பிசைந்த மண்ணில். இரண்டாவது, மூக்கிலிருந்து, அதாவது மண் வெளியே வரும் வாயிலிருந்து, முதலில் வரும் மண்ணில். மூன்றாவது, நடுவில் வருவதில். நான்காவது, கடைசியாக வருவதில். ஒவ்வொன்றின் பின்னாலும் எண் கீறிவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டிலும் பாதிக்கு மட்டும் தெளிவான கிளேஸ் (கண்ணாடி போன்ற மெருகு) பூசி, வழக்கமாகச் சுடும் வெப்பத்துக்கே சுடுங்கள். ரிடக்‌ஷன் (காற்றைக் குறைத்துச் சுடும்) சூளை கிடைத்தால் அதில் வையுங்கள், இரும்பு இன்னும் துல்லியமாகக் காட்டும்.

முதல் ஓட்டிலேயே புள்ளி இருந்தால் குற்றம் மூட்டையில். இயந்திரத்தை விட்டுவிடலாம்.

மே 12, காலை

புள்ளியின் முகத்தையும் பாருங்கள். கறுப்பாக, விளிம்பு கூர்மையாக, கிளேஸுக்குள் சுற்றிலும் பழுப்பாகக் கசிந்திருந்தால் அது இரும்புத் துணுக்கு அல்லது துருச் செதில். புள்ளியாக இல்லாமல் வெளிர் பழுப்பில் இழுபட்ட கோடாக இருந்தால் பழைய ஸ்டோன்வேர் மண் எங்கோ ஒளிந்திருக்கிறது. திருகின் இலை தண்டோடு சேரும் மூலை, வேக்குவம் அறையின் மேல் உதடு, அளவுமானிக்குப் போகும் குழாயின் வாய், இந்த மூன்று இடத்தையும் பலர் கழுவுவதே இல்லை.

பச்சைப் புள்ளி ஏதாவது உண்டா? இருந்தால் சொல்லுங்கள், அது வேறு கதை.

மே 12, மதியம்

வெள்ளைப் பரு. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பேரல் சுவரில் காய்ந்து ஒட்டியிருந்த உங்கள் மண்ணே பெயர்ந்து வருவது. இன்னொன்று, பேரலின் அலுமினியம் அரிபட்டு உண்டாகும் வெள்ளைப் பொருக்கு.

பிரித்தறிய ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். பருக்களை ஊசி முனையால் பொறுக்கி எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மண்ணாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஓரம் உதிர்ந்து கரைந்து அடியில் மாவாகப் படியும். அலுமினியம் அரித்ததாக இருந்தால் போட்டது போட்டபடியே கிடக்கும்.

மே 12, கொஞ்சம் கழித்து

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். பொறுக்கிய பருவை முழுக்கக் காயவைத்த பிறகே தண்ணீரில் போடவேண்டும். பாதி ஈரத்தோடு கெட்டியான மண் லேசில் கரையாது. அதைப் பார்த்துவிட்டு அலுமினியம் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். வெயிலில் வைத்தாலும் சரி, அடுப்பு மேல் தட்டில் வைத்தாலும் சரி. எலும்பாகக் காய்ந்த பிறகு போட்டால் பதில் சுத்தமாக வரும்.

மே 13

அலுமினியம் ஏன் அரிக்கிறது என்று இன்னொரு நண்பர் கேட்டிருக்கிறார். காற்று பட்டதும் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று உருவாகும். அதுதான் அதற்குக் காவல். பி.எச். சுமார் 4-லிருந்து 8.5 வரைக்கும் அந்தத் தோல் நிற்கும். அதற்கு மேல் காரம் ஏறினால் கரைய ஆரம்பித்துவிடும்.

பீங்கான் மண்ணில் காரம் எங்கிருந்து வந்தது என்றால், ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து. சோடா ஃபெல்ட்ஸ்பார் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் சோடியத்தை விடும். நெஃபிலின் சயனைட் (சோடியம் மிகுந்த ஒரு பாறைத் தூள், சயனைடு விஷம் அல்ல) இன்னும் தாராளமாக விடும். மண்ணை ஊறவைத்து மாதக்கணக்கில் வைத்தால் சிலசமயம் தானாகவே தளர்ந்து, தொட்டால் குழைந்துபோகிறதே, அதற்கும் இந்தச் சோடியமே காரணம். அப்படிப்பட்ட மண்ணை அலுமினிய பேரலுக்குள் அடைத்துவிட்டு ஊருக்குப் போனால், மண் தன்பாட்டுக்குச் சுவரைத் தின்றுகொண்டிருக்கும். திரும்பி வந்து பிரித்தால் சுவரில் குண்டூசித் தலை அளவுக்குக் குழிகள், ஒவ்வொரு குழியின் வாயிலும் வெள்ளைப் பொருக்கு.

அந்தப் பொருக்கு மண்ணோடு போய்ப் பாத்திரத்தில் உட்கார்ந்துவிட்டால் சூளையில் உருகாது. அலுமினாவாகி அப்படியே நிற்கும். கிளேஸ் அதன்மேல் வழுக்கி ஓடி, சுட்ட கிண்ணத்தில் கைக்குத் தட்டுப்படும். ஆகவே இது இயந்திரத்தின் ஆயுளைவிட உங்கள் கிண்ணத்தின் கேள்வி.

குழி விழுவதற்கு உப்புத் தண்ணீரும் துணை போகும். எங்கள் பக்கம், புதுச்சேரிக் கடலோரத்தில், போர் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே வருகிறது. குளோரைடு அலுமினியத்தையும் குழியாக்கும், 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் குழியாக்கும். 316 ரகத்தில் மாலிப்டினம் சேர்ப்பதே இதைத் தாங்கத்தான். நான் மண் ஊறவைக்க மழைநீர்த் தொட்டித் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

மே 13, இரவு

முள் 22-இல் நிற்பது. பம்பையும் இயந்திரத்தையும் பிரித்துப் பாருங்கள். ஹோஸைக் கழற்றி, அளவுமானியை நேராகப் பம்பின் வாயிலேயே மாட்டி ஓட்டுங்கள். அங்கே நன்றாக ஏறி, இயந்திரத்தோடு சேர்த்தால் இறங்கினால் கசிவு இயந்திரத்தில். மூடியின் ரப்பர், தண்டுச் சீல், ஹோஸ் கிளிப் என்று வரிசையாகப் பாருங்கள். இரண்டு முனையிலும் மண்ணே அடைப்பானாக நிற்கவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். வேக்குவம் அறையின் வாயிலுள்ள வலைக்கு முன்னால் மண் நெருக்கமாக இல்லாவிட்டாலும், மூக்கில் மண் காய்ந்து சுருங்கியிருந்தாலும் காற்று அந்த வழியே உள்ளே வந்துகொண்டே இருக்கும். என் இயந்திரத்தில் 28 வருவது சாதாரணம்.

மே 14

நீங்கள் இருப்பது கொடைக்கானலிலா! அதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாமே தம்பி.

அப்படியானால் நேற்று சொன்ன 28-ஐ உங்களுக்குப் பொருத்தவேண்டாம். முள் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு குறைவு என்பதைத்தான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் பாதரச அளவில் 29.92 அங்குலம். அதில் 28 உறிஞ்சினால் உள்ளே மிச்சம் 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் இருப்பது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். அங்கே வெளிக்காற்றே ஏறத்தாழ 23 அங்குலம்தான். அதில் 22 உறிஞ்சிவிட்டீர்கள் என்றால் மிச்சம் ஒரு அங்குலம் சொச்சம். உங்கள் பம்ப் என் பம்பைவிட நன்றாக வேலை செய்கிறது.

பம்பைப் பிரிக்காதீர்கள். சீல் மாற்றாதீர்கள். புதுப் பம்புக்குப் பணம் கட்டியிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

இயந்திரத்தோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கான எண்ணையே போட்டிருக்கும். மலையில் இருப்பவர்கள் பொதுவாக 300 மீட்டருக்கு ஒரு அங்குலம் கழித்துக்கொள்ளலாம். ஏற்காடு, ஊட்டிக்காரர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

மே 14, மாலை

பம்ப் பேச்சு வந்ததால் ஆயிலைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். மலையில் இருப்பவர்களுக்கு ஆயிலில் ஈரம் சேரும் தொல்லை குறைவு, எங்களைப் போல் வெயிலில் கிடப்பவர்களுக்கு அதிகம்.

பம்பின் பக்கவாட்டில் கண்ணாடி வைத்த சின்ன ஜன்னல் இருக்கும். ஆயில் அதில் தேன் நிறத்தில் தெளிவாகத் தெரியவேண்டும். ஈரம் சேரச் சேர முதலில் லேசாக மங்கும். பிறகு ஜன்னலின் மேல் விளிம்பில் வெள்ளை நுரை வரி ஒன்று கட்டும். அதன்பிறகு மொத்தமும் மோர் மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் ஓட்டினால் பம்புக்குள் தகடுகள் துருப்பிடிக்கும், வேக்குவமும் நிற்காது. நுரை வரி கட்டும் கட்டத்திலேயே ஆயிலை மாற்றிவிடுவது என் பழக்கம். ஆயில் விலை பம்ப் விலையில் ஒரு தூசு.

ஈரம் எங்கிருந்து வருகிறது? மண்ணின் தண்ணீரே ஆவியாகி வருகிறது. உள்ளே மிச்ச அழுத்தம் 2 அங்குலத்துக்குக் கீழே போனால் தண்ணீர் சுமார் 38 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மே மாதம் மதியம் எங்கள் கொட்டகையில் மண்ணின் சூடு அதை ஒட்டித்தான் இருக்கிறது. திருகின் உராய்வு இன்னும் கொஞ்சம் சூடேற்றும். அதற்கு மேல் வேக்குவத்தை இழுத்தால் காற்றுக்குப் பதிலாக நீராவிதான் வரும். மண்ணும் மூக்கில் வரும்போது எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக இருக்கும். அதனால் கோடையில் நான் பக்மில் ஓட்டுவது விடியற்காலையில், மண் இரவுக் குளிர்ச்சியில் இருக்கும்போது.

வேலை முடிந்ததும் பம்பை உடனே நிறுத்தாதீர்கள். ஹோஸ் வால்வை மூடிவிட்டு, கேஸ் பேலஸ்ட் திருகைத் (பம்புக்குள் சிறிது காற்று விடும் திருகு) திறந்து, அரைமணி நேரம் தனியாக ஓடவிடுங்கள். ஆயில் சூடேறி, சேர்ந்த ஈரம் வெளியேறிவிடும். பம்புக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு ஈரப்பொறி, அதாவது கண்ணாடிக் கிண்ணம் வைத்த வடிகட்டி, இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே நின்றுவிடும்.

மே 16

வலையைப் பற்றி யாருமே கேட்கவில்லை. ஆனால் பக்மில்லில் என் கை அதிகம் படுவது அங்கேதான்.

மண் வேக்குவம் அறைக்குள் போகும் இடத்தில் துளைத்தகடும் ஸ்டெயின்லெஸ் வலையும் இருக்கும். மண் அங்கே நூல்நூலாகப் பிரிந்தால்தான் உள்ளிருக்கும் காற்று வெளியே வரும். வலை அடைத்தால் மண் கட்டியாகப் பிதுங்கும், காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். முள் சரியாகவே காட்டும், மண்ணில் மட்டும் குமிழ் இருக்கும். முள்ளை மட்டும் நம்புகிறவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் அடைத்திருப்பது மண் இல்லை என்று தெரியும். சாக்கு நார், துணி நூல், தூரிகை மயிர், சீவும்போது விழுந்த ஸ்பாஞ்சுத் துண்டு, எல்லாம் கம்பியைச் சுற்றி முடிச்சுப்போட்டு, அதன்மேல் மண் கட்டியிருக்கும். வாளியில் ஊறவைத்து, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சுங்கள். மிச்சத்தை மூங்கில் குச்சியால் எடுக்கலாம். கம்பி பிரஷ் வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கூடவே கூடாது. அதிலிருந்து உதிரும் ஒரு இழை போதும், அடுத்த சூளையில் கறுப்புப் புள்ளியாகப் பிறக்கும். தேங்காய் நாரும் வேண்டாம், அது திரும்பவும் வலைக்கே வரும். நைலான் பிரஷ், மரக்கரண்டி, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், இந்த மூன்றும் போதும்.

சீவல் மண்ணை மறுபடி ஊறவைக்கிறவர்கள் குழம்பாக்கி 80 மெஷ் சல்லடையிலாவது (அங்குலத்துக்கு 80 கண்) வடித்துவிட்டு வாருங்கள். அதை உலர்த்தும் பிளாஸ்டர் தட்டின் மேல் ஒரு பருத்தித் துணி விரித்துக்கொண்டால் பிளாஸ்டர்ச் சில்லு மண்ணில் கலக்காது.

மே 17

கொஞ்சம் விலகிப் போகிறேன். பிரெஞ்சுப் பாதிரியார் பிரான்சுவா சேவியர் தாந்த்ரகோல் 1712-இல் சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தெஜென்னைப் பற்றி எழுதிய நீண்ட கடிதத்தில் பீங்கான் மண் பக்குவப்படுத்துவதை விவரித்திருக்கிறார். கல் பாவிய பெரிய பள்ளங்களில் போட்டு மிதித்துப் பிசைந்திருக்கிறார்கள். ஒரு மணல் துகளோ ஒரு தலைமுடியோ இருந்தாலும் மொத்த வேலையும் கெட்டுவிடும் என்கிறார். அந்தப் பிசையும் வேலை நின்றால் மற்ற எல்லாரும் கையைக் கட்டி உட்காரவேண்டும் என்பதால், அதில் இருந்த கிறிஸ்தவர்கள் கோயிலுக்கு வரவேண்டுமென்றால் மாற்றாள் நிறுத்திவிட்டு வரவேண்டியிருந்ததாம். மண் கலக்கும் இடம் அன்றைக்கும் பட்டறையின் நாடியாகத்தான் இருந்திருக்கிறது. தலைமுடிக்கும் மணலுக்கும் அவர்கள் பயந்தார்கள். நாம் கூடவே போல்ட்டுக்கும் பயப்படவேண்டியிருக்கிறது.

மே 19

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் வேகமாகக் கடந்துபோகக் கூடாத விஷயம்.

திருகு சுழலும்போது கை உள்ளே போகவே கூடாது. மரக்கட்டையால் தள்ளுங்கள். கழற்றிக் கழுவும் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ப்ளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்கு எதிரே வையுங்கள். நேரடி இணைப்பாக இருந்தால் ஃப்யூஸ் கட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டா, நீளக் கை, அவிழ்த்த தலைமுடி எதுவும் அருகில் வரவேண்டாம். மேல் மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்கும் சுவிட்ச் இருக்கிறதே, மண் போடத் தொல்லையாக இருக்கிறதென்று அதை ஒயர் போட்டு இணைத்துவிடும் பழக்கம் நிறையப் பட்டறைகளில் உண்டு. நீங்கள் பழசாக வாங்கியிருக்கிறீர்கள், அது முதல் நாளே பார்க்கவேண்டிய இடம். ஈரமும் மின்சாரமும் ஒரே அறையில் இருப்பதால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

தூசி இன்னொன்று. குவார்ட்ஸ் தூளைக் காய்ந்த நிலையில் கலக்கும்போது பறப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மை. நுரையீரலில் போனது திரும்பாது. அதனால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸை, அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்றாக 1948 தொழிற்சாலைகள் சட்டமே பட்டியலிட்டிருந்தது. வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பொடி. என்95 முகமூடி. இயந்திரத்தின் மேல் காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள், ஈரத்துணியால் எடுங்கள். உதவிக்கு வரும் பிள்ளைகளிடம் இதை ஒருமுறை சொல்லிவிட்டு விடவேண்டாம், ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

மே 21

காந்தம் போதாதா என்று கேட்டிருந்தார்கள். குழம்பு ஊற்றும் வழியில் காந்தம் வைப்பது நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். மைல்ட் ஸ்டீல் துணுக்கைப் பிடித்துவிடும். ஆனால் சிவப்புத் துருவைச் சாதாரணக் காந்தம் சரியாகப் பிடிக்காது. 304, 316 ஸ்டெயின்லெஸ் தேய்ந்து விழும் தூளையும் பெரும்பாலும் விட்டுவிடும். காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை என்பதால் மண் சுத்தம் என்று அர்த்தமில்லை. அந்த ஓட்டுச் சோதனைதான் கடைசித் தீர்ப்பு.

மே 24

ஸ்டெயின்லெஸ் வாங்கிவிட்டால் கவலையே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் ஒத்துக்கொள்வேன். அரிப்பு போய்விடும், சரி. தேய்மானம் போகாது. குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. எந்த ஸ்டெயின்லெஸ் திருகும் அதைவிட மெதுதான். இலையின் வெளி விளிம்பு மெல்ல மெல்லத் தேய்ந்து, பேரலுக்கும் அதற்கும் இடைவெளி அகலும். அகன்றால் மண் முன்னால் போவதற்குப் பதில் அந்த இடுக்கு வழியாகப் பின்னால் வழியும். மோட்டார் முனகும், மூக்கில் வருவது குறையும், மண் சூடேறும்.

வருஷத்துக்கு ஒருமுறை பிரிக்கும்போது இடைவெளியை நான்கு இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு அளந்து சுவரில் எழுதிவையுங்கள். ஒருமுறை அளந்த எண் ஒன்றும் சொல்லாது, இரண்டாவது எண் பக்கத்தில் வந்தபிறகுதான் பேசும். ரொம்பத் தேய்ந்துவிட்டால் 316எல் கம்பியில் வெல்டிங் ஏற்றி லேத்தில் கடைந்துகொள்ளலாம். லேத் பட்டறைக்காரர் நல்ல எண்ணத்தில் ஹார்ட் ஃபேசிங் (எளிதில் தேயாத கடினப் பூச்சு) கம்பியில் ஏற்றித் தருகிறேன் என்பார். செங்கல் சூளைக்கு அது சரி. பீங்கானுக்கு வேண்டாம், ஈர மண்ணில் அது துருப்பிடிக்கலாம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருப்பதால் அந்தப் பக்கத்தில் இந்த வித்தியாசத்தை விளக்கவேண்டிய அவசியம் இருப்பதில்லை. மற்ற ஊர்களில் பக்கத்திலேயே நின்று செய்துவாங்குங்கள்.

திருகு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பக்மில்லிலிருந்து வந்த மண்ணை அப்படியே சக்கரத்தில் வைக்காதீர்கள். திருகு சுழற்றித் தள்ளிய சுருள் மண்ணின் நடுவில் அப்படியே இருக்கும். பீங்கானில் அது தட்டின் அடியில் எஸ் வடிவ விரிசலாக வந்து நிற்கும். ஒருமுறை கையால் பிசைந்துவிடுங்கள்.

மே 27

மூன்று பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். எங்கள் தெருவில் ஒருமுறை கம்பி மாற்றினார்கள். மறுநாள் காலையில் இயந்திரத்தைப் போட்டால் சத்தம் வழக்கம்போல, மூக்கில் ஒன்றும் வரவில்லை, மேல் தொட்டியில் மண் பொங்கி எழும்புகிறது. இரண்டு பேஸ் இடம் மாறியதால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது. பம்பும் மூன்று பேஸ் என்றால் அது உறிஞ்சுவதற்குப் பதில் ஆயிலை மண் அறைக்குள் துப்பிவிடும் அபாயம் உண்டு. பேஸ் வரிசை மாறினால் ஓடவிடாத ரிலே ஒன்றை அன்றே போர்டில் சேர்த்தேன். வெளியில் மின்வேலை நடந்தால், மண் போடுவதற்கு முன்னால் வெறும் இயந்திரத்தை ஒரு நொடி தட்டிப் பார்த்துத் திசையைக் கவனியுங்கள்.

ஜூன் 2

தம்பியின் ஓடுகள் சூளையிலிருந்து வந்துவிட்டன. கையால் பிசைந்த ஓடு சுத்தம். இரண்டாவதில் பழுப்புக் கோடுகளும் கறுப்புப் புள்ளியும். மூன்றிலும் நான்கிலும் கோடுகள் இல்லை, புள்ளிகள் மட்டும். பருக்களில் பாதி தண்ணீரில் கரைந்துவிட்டது, பாதி அப்படியே கிடக்கிறதாம்.

அருமை. இவ்வளவு தெளிவாகச் சொல்லும் ஓடுகள் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கோடுகள் பழைய ஸ்டோன்வேர் மண். அது ஓட ஓடக் கழுவிக்கொண்டு போய்விட்டது. புள்ளி நிற்கவில்லை என்றால் அது தொடர்ந்து உதிர்ந்துகொண்டிருக்கிறது, அதாவது ஏதோ ஒன்று இன்னும் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. அலுமினிய உடலில் துரு வராது. ஆகவே உடலோடு சேராத சின்னச் சாமான்களைத் தேடுங்கள்: மூடியின் கீல், கம்பித் தடுப்பு, உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனை, தண்டின் சாவிக்கட்டை. வெள்ளைத் துணியை ஈரமாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துடைத்துப் பாருங்கள்.

ஜூன் 4

கீல்! மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் நேராக மண்மேல் உதிர்ந்திருக்கிறது. துணியில் வந்த சிவப்புக் கறையின் படத்தைப் பார்த்ததும் எனக்கே நிம்மதியாக இருந்தது. ஒரு கீலுக்காக முழு இயந்திரத்தையும் விற்க இருந்தீர்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. கீலும் போல்ட்டும் 316-இல் வாங்குங்கள், போல்ட் தலையில் ஏ4 என்று பொறித்திருக்கும். ஆனால் அலுமினிய உடலில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேரடியாக முறுக்கினால், ஈரம் படும்போது அலுமினியம்தான் அரிக்கும். அதனால் நைலான் வாஷரும் நைலான் புஷ்ஷும் போட்டு இரண்டையும் பிரித்துவையுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட் ஸ்டெயின்லெஸ் நட்டில் பூட்டிக்கொள்ளும் என்று கடையில் செம்பு கிரீஸ் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். முதலிலேயே பச்சைப் புள்ளி உண்டா என்று கேட்டேனே, அது இதற்காகத்தான். செம்பு மண்ணில் பட்டால் பச்சையாகவும், ரிடக்‌ஷனில் சிவப்பாகவும் காட்டும். டெஃப்லான் டேப் ஒரு சுற்று போதும்.

ஜூன் 5

மிச்சம் இருப்பது அந்தக் கரையாத பாதிப் பருக்கள். அது அலுமினியம், சந்தேகமில்லை. பேரலை எபாக்சி பூசிவிடலாமா என்கிறீர்கள். நான் பூசமாட்டேன். குவார்ட்ஸ் அதைச் சுரண்டிவிடும், சுரண்டிய செதில் மண்ணில் போகும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். பேரலைப் பிரித்து, குழிகளில் இருக்கும் பொருக்கை மூங்கில் குச்சியாலும் நைலான் பிரஷ்ஷாலும் முழுக்க எடுத்து, மழைநீரில் அலசிக் காயவைப்பேன். மண்ணில் நெஃபிலின் சயனைட் இருந்தால் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாருக்கு மாற்றிப் பார்ப்பேன். அது இவ்வளவு வேகமாகக் காரம் விடாது. உருகும் வெப்பம் கொஞ்சம் ஏறும் என்பதால் சோதனை ஓடு வேண்டும். பிறகு முக்கியமானது, பீங்கான் மண்ணை இந்த இயந்திரத்தில் வழியாக மட்டும் விடுவேன், குடியிருக்க விடமாட்டேன். காலையில் போட்டு மாலைக்குள் எடுத்துவிட்டு, கடைசியில் சாதாரண வெள்ளை ஸ்டோன்வேர் மண் ஒரு உருண்டையைத் தள்ளி நிறுத்துவேன். அடுத்தமுறை முதலில் வரும் அந்த உருண்டையும், அதைத் தொட்ட பீங்கான் மண்ணும் தனி வாளிக்குப் போகும்.

ஜூன் 9

மழைக்காலத்தில் இரண்டு மாதம் ஊருக்குப் போகிறேன், மூக்கில் பை கட்டிவிட்டால் போதுமா என்ற கேள்விக்கு: ஸ்டெயின்லெஸ் என்றால் போதும். மூக்கில் ஈரத்துணி, மேலே பிளாஸ்டிக் பை, அதைச் சுற்றி ரப்பர் டியூப், மேல் மூடியிலும் அப்படியே. உள்ளே மண் ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. உங்களுடையது அலுமினியம், அதனால் முழுக்கக் காலி செய்து, பிரித்து, கழுவி, காயவைத்துவிட்டுப் போங்கள். வலையைத் தனியாக ஆணியில் மாட்டுங்கள். பம்பில் பழைய ஆயிலோடு விட்டுப்போகாமல், புதுசு ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாயை மூடிவையுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலைத் திரும்பி வந்தபிறகு பார்க்கலாம். அது புழுப்பல் (வொர்ம் கியர்) வகை என்றால் 460 தர ஆயில்தான் பெரும்பாலும் கேட்கும், தகட்டில் எழுதியிருப்பதையே ஊற்றுங்கள். தண்டுப் பக்கம் ஆயில் சீலைச் சுற்றி ஈரம் தெரிந்தால் மட்டும் போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். அந்தக் கசிவு நேராக மண்ணுக்குள் போகும் வழி.